உறைப் புரதம் காப்-2: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு கல்லூரியில் செல் உயிரியல் நடத்துகிறேன். என்னிடம் காப்-2 பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் ஒரு பக்கம். குழந்தையின் மரபணு ரிப்போர்ட்டில் 'செக்23பி', 'சார்1பி' என்று எதையோ பார்த்துவிட்டு, தெரிந்தவர் மூலம் போன் செய்யும் பெற்றோர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தும் அதன் அளவும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை.

காப்-2 என்பது என்ன?

நம் செல்கள் தயாரிக்கும் புரதங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, செல்லுக்கு வெளியே போகவோ செல்லின் சவ்வுகளில் நிற்கவோ வேண்டியவை. ரத்தத்தில் ஓடும் ஆல்புமின், கணையம் சுரக்கும் இன்சுலின், எலும்பில் இருக்கும் கொலாஜன் எல்லாம் இந்த ரகம். இவை முதலில் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு வலைக்குள் நுழைந்து அங்கே மடிந்து உருவம் பெறுகின்றன. இனி அதை ஈ.ஆர். என்றே எழுதுகிறேன். அங்கிருந்து அடுத்து, புரதங்களைப் பக்குவப்படுத்திப் பிரித்து அனுப்பும் கோல்கை என்ற சவ்வு அடுக்குக்குப் போக வேண்டும்.

போகும் வழி இதுதான்: ஈ.ஆர். சவ்வின் ஒரு சிறு பகுதி மொட்டு மாதிரி புடைத்து, கழுத்து குறுகி, ஒரு நுண்பையாகக் கழன்றுவிடும். புரதங்கள் அந்தப் பைக்குள் இருக்கும். சவ்வு தானாக வளையாது. வெளிப்பக்கம் சில புரதங்கள் வந்து ஒட்டி, அதை வளைத்து, உள்ளே எது ஏற வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கின்றன. அந்த உறைக்குத்தான் காப்-2 என்று பெயர். அது ஒற்றைப் புரதமில்லை. சார்1, செக்23, செக்24, செக்13, செக்31 என்ற ஐந்தின் கூட்டு.

ஐந்தும் தனித்தனியாக என்ன செய்கின்றன?

வேலையைத் தொடங்குவது சார்1. இது இரண்டு பாஸ்பேட் உள்ள ஜி.டி.பி. என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும் வரை சும்மா செல் திரவத்தில் மிதக்கும். ஈ.ஆர். சவ்வில் நிற்கும் செக்12 என்ற புரதம் அந்த ஜி.டி.பி.யை விடுவித்து, ஒரு பாஸ்பேட் கூடுதலான, அதாவது மூன்று பாஸ்பேட் உள்ள வடிவத்தை சார்1 பிடித்துக்கொள்ளும்படி செய்யும். உடனே சார்1-இன் ஒரு முனை வெளியே நீண்டு சவ்வுக்குள் செருகிக்கொள்ளும். அந்தச் செருகலே சவ்வை லேசாக வளைக்கத் தொடங்கிவிடும்.

அப்புறம் செக்23-ம் செக்24-ம் ஜோடியாக வந்து சார்1 மேல் அமரும். செக்24-க்குச் சரக்கைத் தேர்ந்தெடுக்கும் வேலை. ஏற வேண்டிய புரதத்தின் வாலில் உள்ள சில அமினோ அமிலங்களை அது அடையாளம் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். மனிதர்களில் ஏ, பி, சி, டி என நான்கு செக்24 இருப்பதற்குக் காரணம், சரக்குகள் அவ்வளவு விதம் விதமாக இருப்பதுதான். கடைசியாக செக்13-ம் செக்31-ம் சேர்ந்து வெளிக்கூண்டைக் கட்டும். டெஸ்ட் டியூபில் இவை இரண்டை மட்டும் விட்டாலே தாமாகக் கூடி, 24 விளிம்புகள் கொண்ட, சுமார் 60 நானோமீட்டர் அகலமுள்ள ஒரு கூண்டாகிவிடுகின்றன.

இதில் என்னை மிகவும் கவர்வது செக்23. உறையைக் கட்ட உதவும் இதே புரதம், சார்1 தன் மூன்றாவது பாஸ்பேட்டை வெட்டிவிடுவதையும் வேகப்படுத்துகிறது. செக்31 வந்து சேர்ந்ததும் அந்த வேகம் இன்னும் கூடும். பாஸ்பேட் போனதும் சார்1 சவ்வை விட்டுக் கழன்றுகொள்ளும், உறையும் பிரிந்துவிடும். கட்டும்போதே கலைப்பதற்கான நேரமும் ஓடத் தொடங்கிவிடுகிறது. உறை கலையாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் நுண்பை கோல்கையோடு இணைய முடியாது. சீக்கிரமே கலைந்தால் மொட்டு முழுமையாகாது. இந்த இடைவெளி மிகக் குறுகியது. கீழே சொல்லப்போகும் நோய்களில் சில இந்த நேரக்கணக்கு தவறுவதால்தான் வருகின்றன.

யார் கண்டுபிடித்தார்கள்?

பேக்கரி ஈஸ்ட்டை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ராண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும், புரதம் சுரப்பது நின்றுபோன ஈஸ்ட் செல்களைத் தேடினார்கள். சுரப்பு அடியோடு நின்றால் செல் செத்துவிடும். செத்ததை வளர்த்து ஆராய முடியாது. அதனால் 25 டிகிரியில் ஒழுங்காக வளர்ந்து, 37 டிகிரிக்குச் சூடேற்றினால் மட்டும் பழுதாகும் செல்களாகப் பார்த்துப் பொறுக்கினார்கள்.

சரி, லட்சக்கணக்கான செல்களில் அவற்றை எப்படிப் பிரிப்பது? சுரக்க முடியாத செல் புரதம் தயாரிப்பதை உடனே நிறுத்துவதில்லை. அளவு வளராமல் உள்ளடக்கம் மட்டும் கூடிக்கொண்டே போகும், அதனால் அடர்த்தி ஏறும். அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் திரவத்தில் போட்டுச் சுழற்றினால் அவை மற்ற செல்களைவிடக் கீழே இறங்கி நிற்கும். அந்த அடிப்பகுதியை எடுத்து ஆராய்ந்து 1980-ல் 23 ஜீன்களை அடையாளம் காட்டினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு ஜீன் பழுதுக்கும் ஒவ்வொரு இடத்தில் நெரிசல் தெரிந்தது. செக்23 பழுதான செல்லில் ஈ.ஆர். வீங்கிக் கிடந்தது.

இந்தப் புரதங்களைச் சுத்தப்படுத்தி, செல்லே இல்லாமல் டெஸ்ட் டியூபில் நுண்பைகளை உண்டாக்கி, இவைதான் உறை என்று உறுதிசெய்தது 1994-ல். சார்ல்ஸ் பார்லோ, ஷெக்மன், ஜெனீவாவின் லேலியோ ஓர்ச்சி ஆகியோரின் வேலை அது. 2013-ல் ஜேம்ஸ் ராத்மன், தாமஸ் சூடாஃப் ஆகியோருடன் ஷெக்மனுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ரொட்டி உப்பவைக்கும் ஈஸ்ட்டில் கண்ட ஜீன், முப்பது வருடம் கழித்து ஒரு குழந்தையின் ரத்தசோகைக்கு விடை சொன்னது. ஈஸ்ட்டையும் ஈயையும் ஆராய்ந்து என்ன பயன் என்று கேட்கும் பெற்றோர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

கிளாத்ரின், காப்-1 என்றும் படிக்கிறோமே. என்ன வித்தியாசம்?

மூன்றும் நுண்பைகளின் உறைகள்தான். வித்தியாசம் போகும் திசையும் புறப்படும் இடமும்தான். காப்-2 ஈ.ஆரிலிருந்து முன்னோக்கி. காப்-1 பெரும்பாலும் கோல்கையிலிருந்து ஈ.ஆருக்குத் திரும்பும் வழியில். கிளாத்ரின் செல்லின் மேல்சவ்விலிருந்து உள்ளே இழுப்பதற்கும், கோல்கையின் வெளிமுனையிலிருந்து, செல்லின் கழிவுகளைச் செரிக்கும் லைசோசோம் பக்கம் அனுப்புவதற்கும். மாணவர்கள் பரீட்சையில் மதிப்பெண் விடுவது காப்-1, காப்-2 திசையை மாற்றி எழுதுவதில்தான். இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: செக்13 காப்-2 உறையில் மட்டும் இருப்பதில்லை, செல் உட்கருவின் துளைகளைக் கட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

நுண்பை 60 முதல் 80 நானோமீட்டர், கொலாஜன் 300 நானோமீட்டர் என்கிறார்கள். எப்படி உள்ளே போகும்?

வகுப்பில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டால் அன்றைக்கு எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும்.

கொலாஜன் நம் உடலில் மிக அதிகமாக இருக்கும் புரதம். எலும்பு, தோல், தசைநாண் எல்லாவற்றுக்கும் பலம் தருவது அதுதான். அது மூன்று இழைகள் முறுக்கிய கயிறாக இருக்கிறது என்ற மாதிரியை 1954-ல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும். ராமச்சந்திரன் வளர்த்த படிகவியல், உயிர் இயற்பியல் துறை இன்றும் கிண்டி வளாகத்தில் இருக்கிறது. இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் வருவது ஏன் என்பதற்கு அந்த முறுக்குதான் விளக்கம். மூன்று இழைகள் நெருங்கும் நடுப்பகுதியில் கிளைசீனைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

முறுக்கு ஈ.ஆருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முடிந்ததும் கொலாஜன் விறைப்பான ஒரு கம்பி, நீளம் 300 நானோமீட்டர். வழக்கமான காப்-2 நுண்பையில் அதை அனுப்புவது, ஷேர் ஆட்டோவில் இருபது அடி பிவிசி பைப்பை ஏற்றுகிற மாதிரி. அதனால் செல் வேறு ஏற்பாடு வைத்திருக்கிறது. டாங்கோ1 என்ற பெரிய புரதம் ஈ.ஆர். சவ்வில் நின்றுகொண்டு, உட்பக்கம் கொலாஜனையும் வெளிப்பக்கம் செக்23-ஐயும் தொட்டுக்கொண்டு, உறை அவசரமாக மூடிவிடாமல் பார்த்துக்கொள்கிறது. 2009-ல் விவேக் மல்ஹோத்ராவின் குழு டாங்கோ1-இன் இந்தப் பங்கைக் காட்டியது. 2012-ல், செக்31 மேல் யூபிகுவிட்டின் என்ற சிறு புரதம் ஒன்று ஒட்டினால் உறை பெரிதாக வளர முடியும் என்று பெர்க்லியில் கண்டார்கள்.

கொலாஜன் முழுப் பெரிய பையில் போகிறதா, அல்லது ஈ.ஆரும் அடுத்த நிலையமும் கொஞ்ச நேரம் குழாய் போல் இணைந்து அதன் வழியாகப் போகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. எல்லாப் பாடப்புத்தகமும் வட்டமான ஒரே அளவுப் பையை மட்டும் வரைவது தவறான எண்ணத்தைக் கொடுக்கிறது என்பது என் கருத்து. உறையின் வடிவம் சரக்குக்கு ஏற்ப மாறும் என்று முதலிலேயே சொல்லிக்கொடுத்தால், நோய்கள் ஏன் அப்படி வருகின்றன என்பதும் எளிதில் புரிந்துவிடும்.

எல்லா செல்லிலும் இருக்கும் புரதம்தானே. பழுதானால் ஒரே உறுப்பில் மட்டும் நோய் வருவது ஏன்?

இரண்டு காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் திசு என்ன சரக்கை அனுப்புகிறது, எவ்வளவு அனுப்புகிறது என்பது ஒன்று. பழுதான புரதத்துக்கு அதே வேலையைச் செய்யும் ஒரு ஜோடிப் புரதம் இருந்து, அது அந்தத் திசுவில் போதுமான அளவு இருக்கிறதா என்பது இன்னொன்று.

செக்23 மனிதர்களில் ஏ, பி என இரண்டு. அமினோ அமில வரிசையில் சுமார் 85 சதவீதம் ஒன்று. சார்1-ம் ஏ, பி என இரண்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று சமாளிக்கும், அது அங்கே நிறைய இருந்தால். மண்டை ஓட்டு எலும்பைக் கட்டும் செல்களில் செக்23பி குறைவு, அதனால் செக்23ஏ பழுதானால் அங்கே அடி விழுகிறது. அதே செக்23பி பழுதானால் சிவப்பணு தயாரிப்பு தடுமாறுகிறது.

எலிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. செக்23பி முற்றிலும் இல்லாத எலிக்குட்டிகள் பிறந்த உடனே இறந்தன. ஆனால் அவற்றின் ரத்தத்தில் பெரிய குறை இல்லை, கணையம்தான் சிதைந்திருந்தது. மனிதனுக்கு மஜ்ஜை, எலிக்குக் கணையம். பிறகு எலியின் செக்23பி ஜீன் இருக்கும் இடத்தில் செக்23ஏ-வுக்கான வரிசையை வைத்துப் பார்த்தார்கள். குட்டிகள் பிழைத்துக்கொண்டன. அதாவது இரண்டும் செய்வது ஒரே வேலை, எந்தத் திசுவில் எது எவ்வளவு இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். பழுதில்லாத ஜோடியைத் தூண்டிவிட்டு நோயைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்துதான் பிறந்தது. இன்னும் மருந்தாக வரவில்லை, ஆனால் எனக்கு இது வெறும் ஆசையாகத் தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் 'செக்23பி, சி.டி.ஏ. வகை 2' என்று போட்டிருக்கிறது. என்ன நோய் இது?

பிறவியிலேயே வரும் ஓர் அரிய ரத்தசோகை. சிவப்பணுக்களை உருவாக்கும் முன்னோடி செல்கள் எலும்பு மஜ்ஜையில் நிறைய இருக்கும். ஆனால் முழுசாகத் தேறி ரத்தத்துக்கு வருபவை குறைவு. பல அங்கேயே அழிந்துவிடும். இதற்கு செக்23பி ஜீன்தான் காரணம் என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் வரும்.

மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணு முன்னோடிகள் பலவற்றில் ஒரு செல்லுக்குள் இரண்டு உட்கரு இருக்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செல் சவ்வுக்கு அடியிலேயே இன்னொரு சவ்வு ஓடுவது தெரியும். அது ஈ.ஆரின் மிச்சம். முதிர்ந்த சிவப்பணுவில் ஈ.ஆரே இருக்கக்கூடாது. பேண்ட் 3 என்ற சவ்வுப் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி சரியாக ஏறாததால், புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டால் அது வழக்கத்தைவிட வேகமாக ஓடும். உறை பழுதாகி, சரக்கு கோல்கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராததன் தடயத்தை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

வெளியில் தெரியும் அறிகுறிகள்: வெளிறிய முகம், சோர்வு, கண் மஞ்சளாவது, மண்ணீரல் வீக்கம், சின்ன வயதிலேயே பித்தப்பைக் கல். சிலருக்கு மிக லேசாக இருந்து, பெரியவர்களான பிறகே தெரியவரும். சிலருக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

தலசீமியா என்றுதான் முதலில் சொன்னார்கள். குழப்பம் ஏன்?

இரண்டிலும் ரத்தசோகை, மஞ்சள், மண்ணீரல் வீக்கம் உண்டு, அதனால்தான். தலசீமியா இருந்தால் பெரும்பாலும் ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. சோதனையிலோ, தேவைப்பட்டால் அதற்கான ஜீன் சோதனையிலோ தெரிந்துவிடும்.

அதிகம் குழம்புவது, சிவப்பணுக்கள் உருண்டையாகிச் சீக்கிரம் உடையும் பரம்பரை ஸ்ஃபீரோசைட்டோசிஸ் என்ற இன்னொரு நோயோடு. இரண்டையும் பிரிக்க உதவும் ஒரு சின்ன விஷயம் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. ரத்தத்தில் சிவப்பணு உடைவதால் வரும் சோகையில் மஜ்ஜை ஈடுகட்டப் பார்க்கும், இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் நன்றாக ஏறும். சி.டி.ஏ. 2-ல் சோகையின் அளவுக்கு அது ஏறாது. ஹீமோகுளோபின் குறைவாக, மஞ்சள் இருந்து, ரெட்டிகுலோசைட் எதிர்பார்த்த அளவு இல்லை என்றால், மண்ணீரலை எடுக்கும் முடிவுக்கு முன் ஜீன் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். என்னிடம் பேசும் பெற்றோர்களுக்கு நான் தவறாமல் சொல்வது இது.

ரத்தசோகைதானே, இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும் கொடுக்கலாமா?

மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் குழந்தை வெளிறித் தெரிந்தால் முதலில் கொடுப்பது இரும்பு மாத்திரை அல்லது சிரப். இரும்புக் குறைவால் வரும் சோகைக்கு அது சரியான மருந்து, அந்தச் சோகைதான் இங்கே மிகவும் அதிகம். ஆனால் சி.டி.ஏ. 2-ல் இரும்பு குறைவதில்லை, மிஞ்சிப்போகிறது. மஜ்ஜை வீணாகக் கடுமையாக உழைக்கும்போது அங்கிருந்து எரித்ரோஃபெரோன் என்ற ஹார்மோன் வரும். அது கல்லீரலின் ஹெப்சிடினை அடக்கிவிடும். ஹெப்சிடின் குறைந்தால் குடல் சாப்பாட்டிலிருந்து தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சும். ரத்தமே ஏற்றாதவர்களுக்கும் வருடக் கணக்கில் கல்லீரலிலும் இதயத்திலும் இரும்பு படியும். அதன் மேல் மாத்திரையும் கொடுத்தால் படிவு இன்னும் வேகமாகும்.

உடலில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற ரத்தச் சோதனைகளைப் பார்த்த பிறகுதான் இரும்பு மாத்திரை பற்றி முடிவெடுக்க வேண்டும். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் இந்த நோயைத் தீர்க்காது. வீட்டுச் சமையலில் வழக்கமான அளவில் கீரை இருந்தால் பயப்பட வேண்டாம். தினமும் மருந்தாக அரைத்துக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

சிகிச்சை என்ன இருக்கிறது?

தேவைப்படும்போது ரத்தம் ஏற்றுவது. இரும்பு சேர்ந்தால் டெஃபராசிராக்ஸ் போன்ற இரும்பு நீக்கும் மருந்து. பித்தப்பைக் கல் தொந்தரவு செய்தால் அறுவை சிகிச்சை. மண்ணீரலை எடுத்தால் ஹீமோகுளோபின் ஓரளவு ஏறும், ஆனால் இரும்பு சேர்வது நிற்காது. மிகக் கடுமையான சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று. அரிய ரத்த நோய் என்பதால், அனுபவமுள்ள ரத்தவியல் நிபுணரிடம் ஒருமுறையாவது காட்டுவது நல்லது. சென்னையிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் ரத்தவியல் துறைக்கும் நீண்ட அனுபவம் உண்டு.

குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து எண்ணெய்ப் பசையோடு வயிற்றுப்போக்கு, எடையே ஏறவில்லை. 'சார்1பி' என்கிறார்கள்.

இது கைலோமைக்ரான் தேக்க நோய். ஆண்டர்சன் நோய் என்றும் சொல்வார்கள். சார்1பி ஜீனோடு இதன் தொடர்பு 2003-ல் தெரியவந்தது. சாப்பாட்டுக் கொழுப்பைச் சிறுகுடல் செல்கள் உறிஞ்சி, கைலோமைக்ரான் என்ற பெரிய உருண்டைகளாக்கி வெளியே அனுப்பும். அவற்றில் பலவும் சாதாரண நுண்பையைவிடப் பல மடங்கு பெரியவை. கொலாஜன் நீளத்தால் சிரமம் தருகிறது என்றால், இது பருமனால் தருகிறது. சார்1பி பழுதானால் கொழுப்பு குடல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். எண்டோஸ்கோப்பியில் குடலின் உட்சுவர் வெள்ளையாகத் தெரியும். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக இருக்கும், டிரைகிளிசரைடு மட்டும் இயல்பாக இருக்கும்.

எடை ஏறாத குழந்தைக்குப் பருப்பு சாதத்தில் இன்னும் ஒரு ஸ்பூன் நெய் விடச் சொல்வது நம் வீட்டுப் பாட்டிகளின் அன்பு. இந்தக் குழந்தைக்கு அந்த நெய் வயிற்றுப்போக்கைத்தான் அதிகமாக்கும். கொழுப்பு குறைந்த உணவு, தேவையான கொழுப்பு அமிலங்கள் மட்டும் அளவோடு, ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் டாக்டர் சொல்லும் அளவில். வைட்டமின் ஈ-யை விட்டுவிடக் கூடாது. வருடக் கணக்கில் அது குறைந்தால் நரம்புகள் பாதிக்கப்படும், போன நரம்பு முழுசாகத் திரும்புவது கடினம். சீக்கிரம் கண்டுபிடித்து உணவை மாற்றினால் குழந்தைகள் நன்றாகத் தேறுகிறார்கள். இந்த எல்லா நோய்களிலும் இவ்வளவு எளிய சிகிச்சைக்கு இவ்வளவு நல்ல பலன் கிடைப்பது இதில்தான்.

செக்23ஏ பழுதானால்?

மிக மிக அரிது. உச்சிக்குழி வெகு தாமதமாக மூடும், கண்புரை, முக எலும்புகளில் மாறுபாடு. 2006-ல் ஒரு சவுதி அரேபியக் குடும்பத்தில் கண்டறிந்தார்கள். 382-வது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, அதனால் வெளிக்கூண்டு சரியாக வந்து சேரவில்லை. அவர்களுடைய செல்களில் ஈ.ஆர். வீங்கியிருந்தது. செக்24டி பழுதானாலும் எளிதில் எலும்பு முறியும் நோய் ஒன்று வருகிறது. எலும்பின் முக்கியச் சரக்கு கொலாஜன் என்பதை நினைத்துக்கொண்டால் இரண்டும் புரியும்.

ரத்தம் உறையாத நோயோடும் சம்பந்தம் உண்டா?

உண்டு, கொஞ்சம் சுற்றுவழியில். உறைவுக் காரணி 5, காரணி 8 இரண்டையும் ஈ.ஆரிலிருந்து ஏற்றிவிட எல்.எம்.ஏ.என்.1, எம்.சி.எஃப்.டி.2 என்ற ஜோடி வேண்டும். இவை உறைப் புரதங்கள் இல்லை, உறைக்குச் சரக்கைப் பிடித்துக் கொடுப்பவை. ஏதாவது ஒன்று பழுதானாலும் இரண்டு காரணிகளும் சேர்ந்து குறைந்துவிடும். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது, மாதவிடாயில் அதிகமாகப் போகும், மூக்கில் ரத்தம் வரும். ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற சோதனைகள் இரண்டிலும் நேரம் நீண்டிருக்கும். காரணி 8 மட்டும் பார்த்துவிட்டு ஹீமோஃபிலியா என்று முடிவுகட்டிவிடும் அபாயம் இருக்கிறது. குறிப்பாக நோயாளி பெண்ணாக இருந்தால் காரணி 5-ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கொலஸ்ட்ராலுக்கு இதில் ஏதாவது மருந்து வருமா?

செக்24ஏ இல்லாத எலிகளில் கொலஸ்ட்ரால் நன்றாகக் குறைந்தது. ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலை அகற்றும் எல்.டி.எல். ஏற்பிகளை அழிக்கும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் கல்லீரலிலிருந்து வெளியேற செக்24ஏ உதவுகிறது, அதனால். சுவாரசியமான கண்டுபிடிப்பு, மருந்து என்று இப்போதைக்கு எதுவும் இல்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் வந்ததா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மேலே சொன்ன நோய்கள் பெரும்பாலும் இரண்டு பிரதியும் பழுதானால் மட்டுமே வருபவை. பழுதான ஒரு பிரதியைச் சுமப்பவர் கேரியர், அவர் ஆரோக்கியமாகவே இருப்பார். ஏதோ ஒரு ஜீனுக்கு நாம் எல்லோருமே கேரியர்தான். கேரியர்கள் இருவர் சேரும்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு, நான்கில் இரண்டு பங்கு கேரியராக இருப்பதற்கு, நான்கில் ஒரு பங்கு பழுதே இல்லாமல் இருப்பதற்கு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் இரண்டாவதுக்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு முறையும் கணக்கு முதலிலிருந்து.

அத்தை மகனும் மாமன் மகளும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு ஜீன்களைப் பொதுவாக வைத்திருப்பார்கள். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த அதே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. தமிழ்நாட்டில் சொந்தத்தில் கட்டுவது வழக்கம் என்பதால் அரிய நோய்கள் இங்கே கொஞ்சம் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. ஆனாலும் சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானவர்களின் குழந்தைகள் நன்றாகவே இருக்கிறார்கள். சொந்தமே இல்லாத தம்பதியின் குழந்தைக்கும் இந்த நோய் வரும், இரண்டு பிரதியிலும் வெவ்வேறு பழுதுகளோடு.

பழுது அப்பா பக்கமிருந்தும் அம்மா பக்கமிருந்தும் சரிபாதியாக வருகிறது. மருமகளின் வயிற்றில்தான் குறை என்று மாமியார் வீட்டில் பேசினால், இந்த ஒரு வரியைக் காட்டுங்கள். அடுத்த குழந்தை பற்றி யோசிக்கும் முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். குடும்பத்தின் இரண்டு பழுதுகளும் எவை என்று தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே சோதிக்க வழி இருக்கிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளுக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள்.

'அர்த்தம் உறுதியில்லாத மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. நோய் இருக்கிறதா இல்லையா?

அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஜீனில் ஒரு மாற்றம் தெரிகிறது, அது புரதத்தைக் கெடுக்குமா என்பதற்குப் போதிய சான்று இன்னும் சேரவில்லை என்பதுதான் அதன் பொருள். குழந்தையின் அறிகுறிகள், மஜ்ஜைச் சோதனை, பேண்ட் 3 ஜெல் எல்லாம் அதே திசையில் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதிப்பது மிக முக்கியம். குழந்தையிடம் இரண்டு மாற்றங்கள் இருந்து, இரண்டுமே ஒரே பெற்றோரிடமிருந்து ஒரே பிரதியில் வந்திருந்தால், இன்னொரு பிரதி நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். செலவைப் பார்த்துப் பெற்றோர் சோதனையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். என்னைக் கேட்டால், குழந்தைக்கு இன்னொரு பெரிய சோதனை செய்வதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும். இரண்டொரு வருடம் கழித்து அதே ரிப்போர்ட்டை மறுபடி அலசச் சொல்லலாம். சேரும் சான்றுகளைப் பொறுத்து முடிவு மாறுவதுண்டு.

மரபணு ஆலோசனைக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும், தேதி வரிசையில். ரத்தம் ஏற்றியிருந்தால் எந்தெந்தத் தேதியில் என்ற குறிப்பு. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் சிவப்பணுவில் செய்யும் சோதனைகளின் முடிவு மாறிவிடும், ஏனென்றால் ஓடுவது பாதி வேறொருவரின் சிவப்பணு. ஃபெரிட்டின் ரிப்போர்ட். மஜ்ஜைச் சோதனை செய்திருந்தால் தாளோடு ஸ்லைடுகளையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நிபுணர் தாமே பார்க்க விரும்புவார். அப்புறம் இரண்டு பக்கத் தாத்தா பாட்டி வரைக்கும் யார் யாருக்கு மஞ்சள், மண்ணீரல் வீக்கம், பித்தப்பைக் கல், சின்ன வயதில் இறப்பு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே போங்கள்.